அப்பாவுக்கு ஒரு பைனாகுலர்

என் அப்பா ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார் என்று நான் ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. முதல் நாள் பின்னேரம் வரை நானும் நம்பியிருக்கமாட்டேன். எங்கள் வீட்டில் ஆகத் தூரம் பயணம் போனவர் அம்மா. பாரிசில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்ததை எங்கள் வீட்டில் பயணமாகக் கணக்கெடுப்பதில்லை.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் கடைசியாக நிற்கும் சிறிய ஊரில், அப்பா ஒரு உணவகத்தின் சமையல்காரர். முதலாளிக்கு வேட்டைப் பைத்தியம். ஒவ்வொரு கோடையும் ஒரு நண்பரோடு நமீபியாவுக்குப் போவார். அந்த வருடம் நண்பர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மான் இறைச்சியின் பதம் தெரிந்தவர் அப்பாவை விட்டால் வேறு யார் என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். அடுப்படியில் வைத்தே கேட்டார். அப்பாவும் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஓம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா அவ்வளவு சுலபமாக ஓம் சொல்லவில்லை. நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது. வேட்டை சரியாக அந்த நாட்களில் வந்தது.

"முருகனுக்குக் கொடியேற நீங்கள் மான் சுடப் போறியளோ?"

"நான் சுடப் போகேல்லை. பாக்கப் போறன். துவக்கு அவரின்ரை, கண் மட்டுந்தான் என்ரை."

அம்மா அவரை ஒரு நிமிடம் வித்தியாசமாகப் பார்த்தார். பிறகு சாமி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், துவக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அப்பா சிரித்துக்கொண்டே செய்தார். இப்படியாக அப்பாவின் வேட்டை முழுவதும் கண்ணாலேயே நடக்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று.

முதலாளி கொடுத்தனுப்பிய பட்டியலில் மண்ணிறச் சட்டை, தொப்பி, கணுக்கால் மூடும் சப்பாத்து எல்லாம் இருந்தன. கடைசி வரியின் கீழே இரண்டு கோடுகள்: பைனாகுலர், அவரவருடையது. வேட்டையில் அதை யாரும் இரவல் கொடுப்பதில்லையாம். ஆளுக்கு ஆள் கண் வேறு, ஒருவர் தன் கண்ணுக்கு அமைத்ததை மற்றவர் தொட்டுத் திருப்பினால் மான் போய்விடும்.

அந்தப் பட்டியலை வாசித்தது நான்தான். எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் வாசிப்பது நான்தான். அப்பாவின் படிப்பு ஆறாம் வகுப்போடு இடம்பெயர்வில் நின்றுபோனது. அம்மா அதைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவர். நானோ கிம்னாசியம் என்ற, கெட்டிக்காரப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தவள், எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலாவது ஆள். அந்த நினைப்பு எனக்கு ஒருபோதும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

நூலகத்திலிருந்து வேட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, கொப்பி ஒன்றைப் பைனாகுலருக்கென்றே ஒதுக்கினேன். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்றால் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், முன் கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீற்றர். இரண்டாவது எண்ணை முதலாவதால் பிரித்தால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்ச வட்டத்தின் அகலம். பிரித்தல் கணக்குக்கு உலகத்தில் இப்படி ஒரு பயன் இருப்பது தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெர்மன்காரர் மாலை மங்கலில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்க ஐம்பத்தாறு மில்லிமீற்றர் கண்ணாடியின் பாரத்தைச் சுமப்பார்கள். அப்பாவுக்கு அது தேவையில்லை, ஆப்பிரிக்காவில் வெயிலுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு மடங்கு என்றால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகும். ஆகவே பத்துக்கு நாற்பத்திரண்டு. சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்த அப்பாவுக்கு இதையெல்லாம் ஒப்புவித்தேன்.

"சரி, பிரபெசர் அம்மா சொன்னால் சரிதான்," என்றார் அப்பா.

சனிக்கிழமை மூன்று பேரும் பிராங்பேர்ட்டில் வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். சுவரெல்லாம் கொம்புகள். பஞ்சு அடைத்த காட்டுப்பன்றித் தலையொன்றைக் கண்டதும் அம்மா "முருகா" என்று அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். பச்சை அங்கி போட்ட நரைத்த விற்பனையாளர் வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன் நான் கொப்பியைத் திறந்து, "நமீபியா, பத்துக்கு நாற்பத்திரண்டு, உள்ளே நீர் புகாதது," என்றேன். அவர் என்னை வணங்குவதுபோலத் தலையைச் சாய்த்தார். என் வாழ்நாளில் அதுவரை கிடைத்த பட்டங்களில் அதுவே பெரிது.

மூன்று பைனாகுலர்களை எடுத்துக்கொண்டு எங்களை வாசலுக்கு அழைத்துப் போனார். எதிர்க் கூரையில் ஒரு புறா இருந்தது. முதலில் வலது கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா திருப்பினார். திருப்பிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

"பிள்ளை, அதின்ரை காலைப் பார். ஒரு விரல் இல்லை."

வெறும் கண்ணுக்குப் புறாவே ஒரு புள்ளிதான். எனக்கு அந்த இடத்திலேயே துள்ளவேண்டும் போலிருந்தது. அப்பா கூரையிலிருந்து கோபுரத்துக்கும் கோபுரத்திலிருந்து விமானத்துக்கும் போனார். விமானத்தின் யன்னல்களை எண்ணினார். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர் சத்தமாக எண்ணுவதைத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்போது இடது கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது பக்க வளையத்தைத் திருப்பவேண்டும்," என்றார் விற்பனையாளர்.

அப்பா இடது கண்ணை மூடினார். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்லாத் தெரியுது," என்றார் உடனே. குழாய்கள் மெல்லச் சரிந்து புறாவும் கூரையும் இல்லாத வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா எவ்வளவு கெட்டிக்காரர், எல்லாரும் ஐந்து நிமிடம் செய்வதை ஒரு நொடியில் செய்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

விற்பனையாளர் உள்ளே போய் ஒற்றைக் குழாயுள்ள சின்னது ஒன்றைக் கொண்டுவந்தார். பாதி எடை, சட்டைப் பைக்குள் போகும், நல்ல வேட்டைக்காரர் பலர் இதைத்தான் விரும்புவார்கள் என்று குரலைத் தணித்துச் சொன்னார். விலைச் சீட்டும் பாதியாக இருந்தது.

எனக்கு முகம் சுட்டது. அலுவலகங்களின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று இப்படித் தணிந்த குரல்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதை மொழிபெயர்க்காமல் நானே பதில் சொன்னேன்:

"என் அப்பாவுக்கு இரண்டு கண் இருக்கிறது."

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அரைவாசிச் சாமானைக் காட்டுறார் அப்பா. எங்களட்டை வசதியில்லை எண்டு நினைக்கிறார்."

பன்றிக்கு முதுகு காட்டி நின்ற அம்மா எங்கள் பக்கம் வந்தார். "அதையும் ஒருக்காப் பாருங்கோவன். பாரமில்லாமல் இருக்குமெல்லே," என்றார் மெதுவாக.

"அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது," என்றேன்.

அப்பா என்னையும் கொப்பியையும் பார்த்தார். விற்பனையாளரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், கடையில் வேலை செய்யும் இருவர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வதுபோல. "பிள்ளை சொல்லுறதையே எடுப்பம்," என்றார். திரும்பி வரும் ரயிலில் பெட்டியை மடியில் வைத்திருந்தது நான்.

எனக்குப் பதினேழு வயதில், தலையிடிக்குது என்று சொன்ன அப்பாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வலது கண்ணில் எப்போதிருந்து பார்வையில்லை என்று கேட்கச் சொன்னார் வைத்தியர். கேட்டேன். "ஊரிலை, பத்தொன்பது வயசிலை," என்றார் அப்பா. தெரிந்தால் அடுப்படியில் கத்தி பிடிக்க விடமாட்டார்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதை நான் என் வாயாலேயே ஜெர்மனில் சொன்னேன். வெளியே வந்ததும், கடையில் அந்த மனிதர் சொன்னது அப்போது விளங்கியதா என்று கேட்டேன்.

"ஓம். அந்தளவு ஜெர்மன் எனக்கும் தெரியுமெல்லே."

ஆனால் அது ஆறு வருடம் கழித்து. பதினொரு வயதில் எனக்கு இருந்ததெல்லாம் சந்தோசம். இரண்டு கிழமைக்குப் பிறகு விமான நிலையத்தில் வந்து இறங்கிய அப்பா, கறுத்து மெலிந்து, பார்த்த மிருகங்களை விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கக் கால்களை அகட்டும் விதத்தை ரயில் மேடையிலேயே செய்து காட்டினார். முதலாளி துவக்கை எடுக்கும் முன்பே மானைக் கண்டது தானாம், இரண்டு தரம்.

வீட்டுக்கு வந்து பைனாகுலரை உறையிலிருந்து எடுத்தேன். கண் வைக்கும் இடத்தில் இடது கண்ணாடி துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. வலதில் செம்மண் தூசு, படலம் படலமாக.

"என்னப்பா இது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆபிரிக்கா மண், பிள்ளை. உனக்கெண்டு கொண்டு வந்தனான்."

திங்கட்கிழமை அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். யாரையும் துடைக்க விடவில்லை. வரிசையில் நின்று பார்த்தார்கள். இந்தப் பக்கத்தால் உன் அப்பா எப்படிப் பார்த்தார் என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பக்கத்தால் அவர் பார்க்கவே இல்லை, எனக்காக விட்டுவைத்தார் என்றேன், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.