மாடி ஜன்னல்

கைக்குழந்தையோடு நான் சேர்ந்த முதல் வேலை, மெட்ராஸில் இருந்த ஓர் ஆச்சியின் காரைக்குடி வீட்டைப் பராமரிப்பது. படித்தவள் என்று நம்பிச் சாவியைத் தந்திருந்தார். ஒரு நாள் மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஆச்சி, "பிள்ளை அழுகுது, நீ வீட்டுக்குப் போ ஆத்தா" என்று என்னை அனுப்பினார். மாடி ஜன்னலைச் சாத்தினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்பினேன். வாசலில் லாரி. நான் எண்ணெய் போட்டுத் துடைத்த தேக்குக் கதவுகளை ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குத் திரும்பி வந்தே?" என்றார் ஆச்சி.

"வீட்டை வித்துட்டீகளா ஆச்சி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஒங்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்."

அந்த வீட்டுப் பேச்சை நான் வெளியே பேசியதே இல்லை. பேசியிருப்பேனோ என்று அப்போதும் என்னையே சந்தேகப்பட்டேன். சாவியை நீட்டினேன். ஆச்சி வாங்கவில்லை; முகப்புக் கதவு முதலிலேயே லாரியில் ஏறியிருந்தது.