நலம் விசாரிக்க வந்தவர்களின் கால்கள்

முதல் அறிகுறி என் மைத்துனரின் முழங்காலில் தெரிந்தது. ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு, "உடம்பு எப்படி இருக்கு மச்சான்?" என்று குரலைத் தாழ்த்தினார். சோபாவுக்கு அடியில் கிடந்த கோப்பி எழுந்து வந்தது. இரு முன்கால்களாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டத் தொடங்கியது.

கோப்பி, காப்பகத்திலிருந்து நாங்கள் எடுத்துவந்து பத்து நாளே ஆன நாய். பழுப்பு நிறம், மூன்று வயது. பொங்கோல் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் பிடிபட்டது. கருத்தடை ஆகியிருந்தது (விதைகளை நீக்கும் அறுவை). ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது பேச்சு.

எனக்கு புராஸ்டேட் புற்றுநோய் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பியில் வருவது). கதிர்வீச்சு முடிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி (விதையில் ஆண் சுரப்பு ஊறாமல் நிறுத்துவது). கோப்பிக்கு ஒரே நாளில் நடந்தது எனக்குத் தவணை முறையில் நடந்துகொண்டிருந்தது.

"வெட்டியாச்சுன்னு சொன்னீங்க? உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க லா," என்றார் மைத்துனர், காலை உதறிக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கழுத்திலிருந்து உச்சந்தலைக்கு வெப்பம் ஏறியது. அது ஊசியின் பக்கவிளைவு. வெயில் இல்லாத வெயில்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் கால் கொடுத்தார்கள். என் மனைவி கலா தேக்கா மார்க்கெட்டில் யாரையாவது பார்த்தால் போதும், மறுவாரம் பழத்தோடு அவர்கள் எங்கள் புக்கிட் மேரா வீட்டு வாசலில். கோப்பியைத் தள்ளினோம், அதட்டினோம், கைதட்டி விரட்டினோம். வேகம்தான் கூடியது. மூன்றாவது வாரம் கலாவின் அக்கா. பட்டுச் சேலை.

"சனிக்கிழமை அக்கா மறுபடி வர்றாங்க," என்றாள் கலா. "அன்னைக்கும் இது இப்படிப் பண்ணா, ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடுங்க. உங்களையும் பாத்து, இதையும் பாத்து..." வாக்கியத்தை முடிக்கவில்லை. நியாயமாகத்தான் இருந்தது.

கால்நடை மருத்துவர் ஓர் இளம் தமிழ்ப் பெண். கோப்பியைத் தடவிப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்றார்.

"அப்புறம் எதுக்கு டாக்டர் இந்த ஆட்டம்?"

"இது அந்த ஆசை இல்ல அங்கிள். படபடப்பு. என்ன பண்றதுன்னு தெரியாதப்ப உடம்புக்குத் தெரிஞ்ச ஒண்ணச் செய்யுது. நீங்க கத்துறதும் தள்ளுறதும் அதுக்கு விளையாட்டு. யார் வந்தாலும் பண்ணுதா?"

"யார் வந்தாலும்," என்றேன்.

"இல்ல," என்றாள் கலா. "வந்தவங்க இவரு உடம்பப் பத்திப் பேச்செடுத்தாத்தான்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க இறுகிப் போறீங்க. அது உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

சிகிச்சை எளிது. விருந்தாளி வருமுன் கோப்பியை அறைக்குள் பாயில் படுக்கவைப்பது, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுப்பது, அடங்கியதும் கழுத்தில் வார் மாட்டி வெளியே அழைத்துவருவது. எழுந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பக் கூட்டிப்போவது. கூடவே ஒருவர் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

சனிக்கிழமை கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல். "தம்பி எங்க?"

"நாயோட இருக்காரு."

"நல்லா இருக்கு. யாருக்கு உடம்பு சரியில்லன்னு நான் வந்தேன்?"

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கியது. "ஊசி போட்டதுலேர்ந்து தம்பிக்கு முகமே..."

கோப்பி எழுந்தது. வார் இறுகியது. அதன் கண் அக்காவின் முழங்காலில் இருந்தது. என் தோள்கள் காதுவரை ஏறியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இறக்கினேன்.

"அக்கா, என் உடம்பு இன்னிக்கு வேணாம். தேக்காவுல மீன் எப்படி இருக்கு?"

அவர் ஒரு கணம் திகைத்தார். "வாவலா? அத ஏன் கேக்குற. ஐஸ்லயே குடும்பம் நடத்துன மூஞ்சி." குரல் தன் வழக்கமான உயரத்துக்குத் திரும்பியது. கலா சிரித்தாள். கோப்பி உதட்டை நக்கிக்கொண்டு நின்றது, பிறகு என் பாதத்தின் மேல் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த வாரமே ஒரு தலையணை மாட்டியது. எனக்கும் ஊசிகள் மிச்சம் இருக்கின்றன. என் நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: பேச்சை மாற்றும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதை நான் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வெப்பம் ஏறும்போது இப்போது நானும் அறைக்குப் போகிறேன். தரையில், கோப்பியின் பாய்க்குப் பக்கத்தில், முதுகு குளிர்ந்த தரைக்கல்லில் படப் படுக்கிறேன். முன்பு அந்த வெப்பம் ஒரு மதியம் முழுக்க நீள்வதுபோல் இருந்தது. இப்போது ஒரு நாய் ஏழெட்டு முறை மூச்சுவிடும் நேரம். கோப்பி எழுந்து என் கால்வரை வருகிறது. யோசிக்கிறது. பிறகு தாடையை என் முழங்காலில் வைத்து, இடுப்பைத் தரையில் இறக்கிக்கொள்கிறது.