கூண்டுக்கு இழுத்த ஒற்றை ஒயர்

அறுபது வாட்ஸ் குண்டு பல்பின் சூட்டில் நெல் உமி காயும்போது ஒரு வாசனை எழும். அரிசி வறுபடும் மணமும் கோழி எச்சத்தின் காரமும் கலந்து மூக்கில் ஏறும் அந்த வாசனையை நாமக்கல் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள் அதிகம். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பண்ணைக்காரர்களுக்கு வேண்டாத உருப்படிகள் என்பதால் அவற்றைக் கூடை கூடையாக வாங்கி, பச்சையிலும் இளஞ்சிவப்பிலும் முக்கி, பேருந்து நிலையத்தில் குழந்தைகளின் கண்ணில் படுகிற மாதிரி வைத்து விற்பார்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு மார்கழியில் அப்படி ஆறு குஞ்சுகளை அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

“இதெல்லாம் நாலு நாளைக்குக் கூடத் தாங்காதுங்க. செத்துப் போச்சுன்னா இவ அழுகறத ஆரு பாக்கறது?” என்று அம்மா அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள். அப்பா சிரித்துக்கொண்டே குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். பச்சை நிறக் குஞ்சு ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததால் அதற்குக் “கலெக்டர்” என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் ஒயரிங் வேலை பார்த்தார். எங்கெங்கோ ஓடும் வண்டிகளின் முகப்பு விளக்கும் பின் விளக்கும் அவர் கையால் எரிந்தவை. “ஒயரிங்னா அவரு வரட்டும், அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்” என்று பட்டறை முதலாளியே சொல்வாராம். இதை அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, அவர் வெட்கப்பட்டு எழுந்து போவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமை எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் மாதிரி தாராளமாகப் புழங்கியது.

பண்ணையில் கழித்துப் போட்ட கம்பிவலைக் கூண்டு ஒன்றை அப்பா கொண்டுவந்து, “பொடக்காலி” என்று நாங்கள் சொல்லும் கொல்லைப்புறத்தில் நான்கு செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தினார். உமி பரப்பிக் குஞ்சுகளை உள்ளே விட்டோம். பொழுது சாயும்போதே கொல்லிமலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. ஆறு குஞ்சுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கீச்சிட்டன. குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை சூடு வேண்டும், பல்பு போட்டே ஆக வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு ஹோல்டரும், முறுக்கிய இரட்டை ஒயர் கொஞ்சமும். அந்த ஒயர் சுவரில் சொருகும் பிளக்கிலிருந்து கூண்டின் ஓரம் வரைதான் எட்டியது, நடுவில் தொங்கும் பல்புவரை எட்டவில்லை. வேறு துண்டு என்று இருந்தது ஒற்றை ஒயர் ஒன்றுதான்.

லாரியில் ஒரு விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். பேட்டரியின் மறுமுனையை வண்டியின் இரும்போடு இணைத்திருப்பார்கள். மின்சாரம் ஒயர் வழியாகப் போய் இரும்பு வழியாகத் திரும்பிவிடும். பட்டறையில் இதற்கு “பாடி எர்த்” என்று பெயர். பதினைந்து வருடமாக அதையே செய்து பழகிய கை, அன்று கம்பிக் கூண்டைப் பார்த்ததும் அதையும் ஒரு வண்டியாகவே நினைத்துக்கொண்டது. இருந்த ஒற்றைத் துண்டை ஒட்டுப்போட்டு ஹோல்டருக்கு இழுத்தார். திரும்பி வரும் வழியைக் கூண்டின் கம்பியிலேயே முறுக்கிவிட்டார். பல்பு எரிந்தது. டெஸ்டரை எடுத்துக் கூண்டைத் தொட்டுப் பார்த்தார், அது ஒளிரவில்லை. இரட்டை முள் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகிவிட்டுத் தொட்டபோது டெஸ்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

என் நகப்பாலிஷைக் கேட்டு வாங்கி, பிளக்கின் மேல்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். “அம்முணி, இந்தச் செவப்பு எப்பவும் மேல இருக்கோணும். கீழ வந்துச்சுன்னா கூண்டு பூராவும் கரண்டு வந்துரும், தொட்டா ஆளத் தூக்கீரும். நாளைக்குப் பட்டறைல இருந்து ஒயரு கொண்டாந்து ரெண்டா இழுத்துர்றேன். அம்மாகிட்ட சொல்லாத சாமி, கூண்டையே தூக்கி வீசிருவா” என்றார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு ரகசியம் இருப்பதே அந்த வயதில் பெரிய கௌரவமாக இருந்தது. பட்டறையில் அந்த வாரம் அவசர வண்டி இரண்டு நின்றன. நாளைக்கு என்றது நான்கு நாளாயிற்று.

ஐந்தாம் நாள் காலை அம்மா கொல்லையைப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடச் சீருடையில், ஒரு பக்கச் சடை பின்னி மறுபக்கம் பின்னாமல், ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு வந்தேன். குஞ்சுகள் கத்தின. பிளக்கை எடுத்துச் சொருகினேன். பல்பு எப்போதும் போல எரிந்தது. அந்தப் பொட்டை நான் பார்க்கவில்லை. மறந்துபோனேன் என்று கூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டுமே, அந்த நிமிஷம் எனக்கு ரிப்பனைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தம்பி குமரேசனுக்கு அப்போது நாலு வயது. நொய்யரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஈரத்தரையில் நடந்துபோய்க் கூண்டைப் பிடித்தான். அவனிடமிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது, அதை எழுதவும் எனக்குக் கை வரவில்லை. ஓடிவந்து அவனை இழுத்த அம்மா துள்ளிப்போய் விழுந்தாள். குளித்துக்கொண்டிருந்த அப்பா ஈர உடம்போடு ஓடிவந்து ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கினார். அம்மா தட்டுத் தடுமாறி எழுந்து தம்பியை வாரிக்கொண்டு, “ஐயோ, என்ற கொழந்தை” என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். அவள் பின்னால் ஓட வேண்டிய அப்பா ஒரு கணம் நின்று கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்பை இரண்டே சுரண்டலில் எடுத்துவிட்டு, பிளக்கைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். வலது உள்ளங்கை வெந்துபோய், ஆறிய பிறகும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வந்திருந்தார். “ஏனுங்க மாப்ளே, லாரியும் ஊடும் உங்களுக்கு ஒண்ணுதானுங்களா? ஒத்த ஒயர இழுத்துப் புள்ளையக் கொல்லப் பாத்தீங்களே. அதயும் ஆரு சொருகுனது?” என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “நாந்தானுங்க மச்சான் சொருகுனேன். தப்பு பூராவும் என்ற மேலதான்” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அம்மா தம்பியின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமலே, “இனிமே இந்த ஊட்டுக் கரண்டுல நீங்க கை வெக்க வேண்டாங்க” என்றாள்.

குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுக்க முழுக்க இரும்புக்குள்ளேயே நின்ற அவற்றுக்குத் தரையோடு தொடர்பு இல்லாததால் மின்சாரம் அவற்றின் வழியாக இறங்கவில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஆனால் அம்மா அவற்றைத் தூக்கி எறியச் சொன்னபோது தாங்கவும் முடியவில்லை. அப்பா மறுநாள் பட்டறையிலிருந்து லாரிக்கு உதவாது என்று ஒதுக்கிய பேட்டரி ஒன்றை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். காலி பெயிண்ட் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, லாரியின் பிரேக் விளக்குப் பல்பை அதனுள் பொருத்தினார். உமியும் குஞ்சும் பல்பைத் தொடாதபடி வாயில் வலை வைத்துக் கட்டினார். இந்தமுறை பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்கள் போயின, நடுவில் ஒரு ஃபியூஸும் இருந்தது. கூண்டின் கம்பியில் எதுவுமே படவில்லை. எல்லாம் பட்டறைக் குப்பையில் கிடைத்தவை. முடித்ததும் இரண்டு கைகளையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அம்மா நின்ற பக்கம் திரும்பி, பேட்டரியின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றும் ஆகாது. அம்மா பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த டப்பா விளக்கின் கீழ்தான் குஞ்சுகள் சாயம் போய், இறகு முளைத்து, வெள்ளைச் சேவல்களாக வளர்ந்தன. பேட்டரி இறங்க இறங்க அப்பா அதைப் பட்டறைக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்றிச் சுமந்து வந்தார். கலெக்டர் கடைசியில் என்ன ஆனார் என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. அக்கம்பக்கத்தில் குஞ்சு வளர்த்த மூன்று வீட்டுக்காரர்கள் அதேபோல் விளக்கு கேட்டுச் செய்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் பல்பு போனால் ஒயர்மேன் வந்தார். ஃபேன் நின்றால் ஒயர்மேன் வந்தார். புதிதாகத் தொழிலுக்கு வந்த இளவட்டம் ஒருவர், “அண்ணா, டெஸ்டர் இருக்குதுங்களா?” என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா தன் டெஸ்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு வயது பதினாறு. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பத்து வயதில் அடி விழும் என்ற பயம் தடுத்தது, பதினாறில் வெட்கம் தடுத்தது, அதன்பிறகு தடுக்க எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொல்லாமல் இருப்பது பழகிப்போயிற்று. படித்தேன், வேலைக்குப் போனேன், சேலம் அஸ்தம்பட்டியில் குடும்பம் என்று ஆயிற்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பியின் மடங்கிய விரல்களைப் பார்ப்பேன், அப்பாவின் சும்மா இருக்கும் கைகளைப் பார்ப்பேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

இந்த மார்கழியில் தம்பியின் மகள் இரண்டு காதல் பறவைகளை வாங்கிவந்து, கூண்டுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்றாள். தம்பி மனைவி யோசிக்காமல், “தாத்தாகிட்ட கேளு, கட்டிக் குடுப்பாரு” என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போக எழுந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு உடைந்துவிட்டது. “அன்னிக்குச் சொருகுனது அப்பா இல்லீங்க, நானு. செவப்பு மேல இருக்கோணும்னு எங்கிட்டச் சொல்லித்தான் இருந்தாரு. நாந்தான் பாக்காமச் சொருகுனேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன்.

தம்பி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “உடு அக்கா, அது ஆச்சு எத்தன வருசம்” என்றான். அப்பாவுக்குத்தான் கோபம் வந்தது. “அத எதுக்கு இப்ப எடுக்கற? எப்புடிச் சொருகினாலும் ஆளக் கொல்லாத மாதிரி கட்டியிருக்கோணும். நாங் கட்டல. அதுல உனக்கு என்ன பங்கு?” என்றார். அவர் மறைத்தது எனக்காக மட்டும்தான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஒரு குழந்தையின் உயிரை நகப்பாலிஷ் பொட்டை நம்பி விட்டோமே என்ற வெட்கமும் சிவப்பைச் சுரண்டிய அந்த நகத்தில் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

அம்மா எழுந்து, “ஏனுங்க, அடுப்படி சுச்சு ஒரு வாரமாப் பொறியுது. செத்த பாக்கறீங்களா?” என்றாள்.

அப்பா மெயினை அணைத்தார். டெஸ்டரைத் தேடி எடுத்துக்கொண்டு சுவிட்சுப் பெட்டியின் முன் நின்றார். மூன்று வருடமாக அவருக்குக் கை நடுக்கம். மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. திருகாணியின் பிளவில் முனையை வைத்தார், நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவிப் பெட்டியைக் கீறியது. உதவப் போன தம்பியின் கையை அம்மா பிடித்து நிறுத்தினாள். நான்காவது முறைக்குப் பிறகு அப்பா டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு அந்த ஒயர்மேனையே வரச் சொல்லீரு” என்று மெதுவாகச் சொன்னார்.

சூடு தரும் அந்தக் குண்டு பல்புகளைக் கடைகளில் இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்கின் கீழ் ஒரு குஞ்சுகூடக் குளிர்காய முடியாது. ஆளை மின்சாரம் தாக்கினால் தானே அணைந்துகொள்ளும் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதெல்லாம் போனதிலும் வந்ததிலும் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இத்தனை வருடமும் இந்த வீட்டில் வேலை செய்திருக்கக்கூடிய, நடுங்காத இரண்டு கைகள் போய்விட்டன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு மாதமாகிறது. அம்மா ஒயர்மேனைக் கூப்பிடவில்லை. அந்தச் சுவிட்சைப் போடாமல் கூடத்து வெளிச்சத்திலேயே சமைக்கிறாள். நேற்று போனில், “என்னம்மா இது, கண்ணு கெட்டுப்போகும், ஆளை வரச் சொல்லுங்க” என்றேன்.

“அவசரமென்ன?” என்றாள். “உங்கப்பா பாப்பாரு.”