இரவல் கவுன்

என் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். செலவைக் குறைக்க, கேக்கைத் தவிர எல்லாவற்றையும் நானே செய்தேன். புதுத்துணி எடுக்காமல், கொடைரோட்டில் இருக்கும் நாத்தனாரிடம் அவர் மகளின் வெள்ளைக் கவுனை இரவல் வாங்கியிருந்தேன். நாலு மணிக்கே அதை மாட்டிவிட்டு, "கறை பட்டா அத்தை வைவாங்க. கேக் வெட்டுற வரைக்கும் எதையும் தின்னக் கூடாது" என்று மிரட்டிவைத்தேன்.

நாத்தனாருக்கு பஸ் கிடைக்கவில்லை. அவர் இல்லாமல் கேக் வெட்டினால் மனத்தாங்கலாகிவிடும். காத்திருந்த தெருப்பிள்ளைகளுக்குக் கேசரியும் மிக்சரும் கொடுத்தே ஓய்ந்துபோனேன். ஏழு மணிக்கு அவர் வந்ததும் மெழுகுவத்தியை ஏற்றினால், பிறந்தநாள்காரியைக் காணோம்.

தெரு முழுக்கத் தேடினோம். தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தோம். கடைசியில் நாத்தனார்தான் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஜட்டியோடு, காலித் தட்டைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியதும், "கவுனக் கழட்டிட்டேன். இப்பச் சாப்பிடட்டுமாம்மா?" என்றாள்.

"ஏன் மதினி, துணிதான? தொவச்சாப் போகுது" என்றார் நாத்தனார்.

இப்போதெல்லாம் அவள் பிறந்தநாளன்று, பழைய பாவாடையிலேயே உட்காரவைத்து வயிறார ஊட்டிய பிறகுதான் விருந்தாளிகளுக்குக் கதவைத் திறக்கிறேன்.