குளியலறைத் தாழ்ப்பாள்

அப்பாவுக்குத் தச்சு வேலை. தொண்ணூறுகளில் மைசூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவு போட்டவர் அவர்தான். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் ஆறு வருஷமாகத் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டால், "ஞாயித்துக்கிழமை போட்டுடலாம்" என்பார். ஞாயிறு வந்தால் கதவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வாரமெல்லாம் கதவோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் என்று அம்மா விட்டுவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று எல்லோரும் பாடிக்கொண்டே குளிப்போம். அம்மா முருகன் பாட்டு பாடுவாள், அக்கா கன்னட சினிமாப் பாட்டு. பாட வராத நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வேன்.

அக்காவைப் பெண் பார்க்க ஹனூரிலிருந்து வந்த அன்று காலையில்தான் அப்பா தாழ்ப்பாளை மாட்டினார். அரை மணி நேர வேலை! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அம்மா தாழிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் குளித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அப்பா கதவைத் தட்டினார். "என்ன, பாட்டையே காணோம்?"

"அதான் தாப்பா போட்டாச்சே!"

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "வீடே வெறிச்சுனு இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கழட்டிடறேன்" என்றார்.

அந்தத் தாழ்ப்பாள் இன்னும் அந்தக் கதவில்தான் இருக்கிறது.