விழுப்புரம் போய்வந்த மோட்டார்

போன மாசம் ஒரு காலை. ஏழுமலை அண்ணனின் சைக்கிள் என் வீட்டைத் தாண்டிப் போனது. கேரியரில் சாக்கில் கட்டிய பம்ப்செட் மோட்டார். தீய்ந்த வாடை தெரு முழுக்க அடித்தது.

வளவனூர் பக்கம் எங்கள் கிராமத்தில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான் ஒருவன்தான். ஊருக்கே தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா?

“என்னாண்ணே, மோட்டாரா?” சைக்கிள் பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஆமா தம்பி. கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது. இது பெரிய வேல... டவுன்லதான் ஆவும். உனுக்கு மிக்சி கிக்சி வந்தா பாரு!”

மத்தியானம் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எனக்கு ஒரு மூட்டையை இறக்கினார். பிரித்தால் — அதே மோட்டார்!

ஆச்சரியப்படாதீர்கள். அந்த டவுன் கடைக்கு ஆறு வருஷமாக வைண்டிங் செய்து தருவது நான்தான். கடைக்காரருக்கு போர்டு வைக்கத் தெரியும், வந்தவர்க்கு டீ சொல்லத் தெரியும். காயில் கட்டத் தெரியாது. இதை நான் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கடையால்தான்.

கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது. அண்ணன் என் வீட்டுக்கே வந்தார் — பாடம் நடத்த.

“சத்தமே இல்ல தம்பி! டவுன்காரன் கைன்னா கைதான். ஒரு மாசம் அங்க போய் குந்திக்கினு கத்துக்கயேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி குனியவில்லை.

“ண்ணே, அந்த மோட்டார தொறந்து பாருங்க. காயில சுத்திக் கட்டியிருக்கறது என் மஞ்சப் பொடவ. நாடா தீந்துபோச்சின்னு இந்த ஆளுதான் கிழிச்சாரு!”

போயிற்று, ரகசியம். இருந்தாலென்ன, இனி ஊர் வேலையெல்லாம் நமக்குத்தானே என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவி நான்!

அண்ணன் திறந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போய்க் கடை வாசலில் நின்று கத்தினார்.

“டவுன் வேலைன்னு நம்பி குடுத்தா, எங்கூரு ஆளுகிட்ட தள்ளிட்டு ஏமாத்தறியா?”

அன்றிலிருந்து அந்த மோட்டாரில் ஏதோ ‘கரகர’வென்று கேட்கிறதாம். அவருக்கு மட்டும்.

கடைக்காரர் எனக்கு மூட்டை அனுப்புவதை நிறுத்தினார். ஊரிலாவது வேலை வந்ததா? “டவுன்காரனே இவன வேணாம்னுட்டானாமே” என்று டீக்கடையில் பேச்சு.

வேறு வழி? இப்போது தினமும் திண்டிவனம் போய்வருகிறேன். அங்கே ஒரு கடையில் வேலை. முதலாளி, வருகிற விவசாயிகளிடம் என்னைக் காட்டிச் சொல்கிறார்: “பேஜாரே வாணாங்க. ஆளு விழுப்புரத்துலேர்ந்து வர்றாரு!”

அவர்கள் முகத்தில்தான் எத்தனை நிம்மதி! ஒருவர் எனக்கு வணக்கமே வைத்தார்.

திண்டிவனத்தில் ஆளே இல்லையா என்கிறீர்களா? இருக்கிறார். நல்ல வேலைக்காரர். ஆனால் உள்ளூர்க்காரர். பாவம், பிழைப்புக்காக விழுப்புரம் போகிறார் — என் பழைய கடைக்கு!

தினமும் காலையில் விக்கிரவாண்டி பக்கம் எங்கள் பஸ்கள் ஒன்றையொன்று கடக்கும்போது, இரண்டு டவுன் மெக்கானிக்குகளும் கையாட்டிக்கொள்கிறோம்.