தள்ளிவைத்த இருபத்தெட்டு கெட்டு

பாறசாலையில் பேருந்துக்கு நிற்கும்போது உடை நனைந்தது. எனக்கு ஏழாம் மாதம். பனிக்குடம் உடைந்திருந்தது. அன்றே திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மகன் பிறந்தான். தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

சில நாட்களில், அவன் காதுக்குப் பின்னால் எலும்பு இன்னும் சேராத இடத்தில் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையின் (பின்தலையில் இருந்து உடலின் சமநிலையையும் அசைவையும் சீராக்கும் பகுதி) ஒரு பக்கத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து மலையாளத்தில் விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மாதங்களில்தான் சிறுமூளை வேகமாக வளரும். அதன் மேற்பரப்பில் குறுணை அணுக்கள் (மிகச் சிறிய நரம்பணுக்கள்) பெருகும். முன்பே வந்துவிட்ட பெரிய அணுக்கள் அவற்றுக்குப் பெருகச் சொல்லிச் செய்தி அனுப்பும். பெருகியவை அந்தப் பெரிய அணுக்களைத் தாண்டி உள்ளே போய் இடம்பிடிக்கும். பிறந்த பிறகும் இது ஓராண்டுக்கு மேல் நடக்கும். மேற்பரப்பில் ரத்தம் தேங்கினால் அணுக்கள் கெடலாம்.

“வளருமா?”

“வளர வேண்டும். அடுத்த ஸ்கேனில் பார்க்கலாம்.”

என் வயிற்றுக்குள் நடக்க வேண்டியது, விளக்கு வெளிச்சத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. கங்காரு பராமரிப்புக்காக (தோலோடு தோல் சேர்த்து மார்பில் வைத்திருப்பது) அவனைத் தருவார்கள். நான் இருமக்கூடப் பயந்தேன்.

காரோடு ஊரிலிருந்து கணவரின் அக்கா போனில் கூப்பிட்டார். “மக்கா, இருபத்தெட்டு வருதில்லியா? நூல கொடுத்து விடட்டா?” பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் நூல் கட்டும் ‘இருபத்தெட்டு கெட்டு’ எங்கள் வழக்கம்.

“வேண்டாம் மைனி. அவன் இன்னும் பெறக்கல்ல.”

“பெறக்காமலாக்கும் அங்க கெடந்து பாலு குடிக்கான்? கொள்ளாம்!”

சிரிக்க முயன்றேன். வரவில்லை. டாக்டர்கள் இவன் வளர்ச்சியை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள் என்று சொன்னேன். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். என்னைப்போல் மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்கள் டாக்டரிடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். “அப்பம் நாமளும் அப்பிடியே எண்ணுவோம்” என்றார் மைனி.

வீட்டுக்கு வரும் முன் எடுத்த ஸ்கேனில் ரத்தம் கரைந்திருந்தது. சிறுமூளையின் ஒரு பக்கம் சற்றுச் சிறியது. நடப்பானா, தடுமாறுவானா, எழுந்து நிற்கும் வயது வராமல் யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

திருத்திய கணக்கின் இருபத்தெட்டாம் நாள் கணவர் நூல் கட்டினார். எல்லோரும் முடிச்சைப் பார்த்தார்கள். நான் மகனின் கையைப் பார்த்தேன். அது நூலை நோக்கி எழுந்து, விலகி, காற்றில் அலைந்தது.

“எல்லாப் பிள்ளையளும் இந்த வயசுல இப்பிடித்தானாக்கும்” என்றார் மைனி.

உண்மைதான். எது வயதால், எது கசிவால் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் பயம் போகவில்லை.

என் வயிறு காலியாகி மாதங்கள் ஆகின்றன. அவன் தூங்கும்போது பின்தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொள்கிறேன். அதற்குள் அந்தக் குறுணை அணுக்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். கை மரத்துப்போனாலும் எடுப்பதில்லை.